உறை

ஏரி உறைந்த மாதத்தில் ஓரிரவு
எட்டாவது தெருவின் குடிநீர்க் குழாய் வெடித்தது.
மணி இரண்டு. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
"மார்லிஸ், எனக்கொரு பம்ப் வேண்டும், இப்போதே"
என்றான் டெட் கொவாலிக்.
பைஜாமாவுக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு
நகராட்சியின் கீழ்த்தளத்துக்கு வந்து
ஏழாம் படிவத்தை எடுத்தேன்.

எங்கள் ஊர் எதை வாங்கினாலும்,
இருபத்தையாயிரம் டாலரைத் தாண்டினால்,
மூன்று பேராவது விலை சொல்ல வேண்டும்.
மூடிய உறையில். செவ்வாய் பகல் இரண்டு மணிக்குள்.
இரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு வந்த உறையை
நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்,
பனியில் வழுக்கி விழுந்து, முழங்கை சிராய்த்து,
ஓடி வந்தவருடையதையும்.
அது விதி.
ஏழாம் படிவம் அதன் விலக்கு.

'அவசரம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
நாற்பது நிமிடத்தில் ஹால்வர்சன் கம்பெனியின் லாரி.
விடிவதற்குள் முதியோர் இல்லத்தில் தண்ணீர்.
ஆபத்துக்குப் பாவமில்லை.
இதை இன்றும் யாரிடமும் வாதாடுவேன்.

அது நடந்து பதினோரு வருடம்.

குழாயை மாற்றியாயிற்று. தார் போட்டாயிற்று.
பம்ப் மட்டும் திரும்பிப் போகவில்லை.
மாத வாடகை நாலாயிரத்து இருநூறு.
ஆண்டுக்கொருமுறை படிவம் மேஜைக்கு வரும்,
போன வருடத்தின் நகல், தேதி மட்டும் புதிது.
காரணம்: அவசரம் தொடர்கிறது.
ஒருமுறை தாமதமாக ஜூலையில் வந்தது.
என் ஜன்னலில் மனிதர்களின் கால்கள் மட்டுமே தெரியும்.
அன்று எல்லாம் சிறுவர்களின் ஈரமான வெறுங்கால்கள்.
டிக் போட்டேன்.

மற்ற கட்டங்களும் பழகிவிட்டன.
'இவரிடம் மட்டுமே கிடைக்கும்':
பார்க்கிங் மீட்டரின் மென்பொருள்.
அந்தப் பூட்டுக்கு அந்தச் சாவிதான், உண்மை.
பூட்டையும் அவர்களே விற்றார்கள் என்பதைக்
கேட்க படிவத்தில் இடமில்லை.
கல்லறைத் தோட்டத்து வேலியை
மூன்று துண்டாக வாங்கினோம்,
ஒவ்வொன்றும் இருபத்துநாலாயிரத்துத் தொள்ளாயிரம்.
இறந்தவர்களுக்கு இணைப்பு தெரியாது.

பக்கத்து ஊரில் பம்ப் வாடகைக்கு விடும்
ரூபன் செபுல்வேடா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்.
கையில் மூடிய உறை.
"யாரும் விலை கேட்கவில்லையே" என்றேன்.
"கேட்பீர்கள் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்."
கேட்காத விலையைப் பிரிக்க எனக்கு அதிகாரமில்லை.
நேர முத்திரை குத்தினேன். ஒன்று ஐம்பத்திரண்டு.
அவருக்கு அது போதும் போலிருந்தது.
இப்படி ஆறு வருடம், ஆறு உறை.
கடைசி இழுப்பறையில், ஸ்டேப்ளர் பின்களுக்கு அடியில்.

இந்த ஜனவரியில் அவர் வரவில்லை.
ஓர் உறையை எடுத்து விளக்கருகே பிடித்தேன்.
மடிப்புக்குள் ஏதோ ஓர் எண்.
மூன்று இலக்கமா நான்கா, தெரியவில்லை.
பிறகு ஒரு புள்ளி.
மேலே தூக்கிப் பிடித்திருந்த கையைப் பார்த்து
எனக்கே வெட்கமாயிருந்தது. வைத்துவிட்டேன்.

மதியம் எட்டாவது தெருவுக்கு நடந்தேன்.
பதினோரு வருடத்தில் முதல் தடவை.
வேலிக்குப் பின்னால் பனிக்கு அடியில் பம்ப்.
குழாய் எதிலும் பூட்டப்படவில்லை.
எக்ஸாஸ்டின் வாயில் ஏதோ பறவை
எப்போதோ கட்டிவிட்டுப் போன கூடு.
ரூபன் எவ்வளவு குறைத்துச் சொல்லியிருந்தாலும்
அதுவும் அதிகம்.

மேஜையில் படிவம் காத்திருந்தது.
காரணம் என்ற கோட்டில்
கையுறையைக் கழற்றாமலே எழுதினேன்:
கூடு. காலி.

டெட் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான்.
அவசரமாம்.