கால் இஞ்ச்

"பால்ரஸ் குண்டு இருபது குடு, கால் இஞ்ச்."
ருத்ரப்பாவிடம் சைக்கிள் கிடையாது.
அஞ்செட்டிக்கே தெரியும்.
எந்தச் சக்கரத்துக்கு என்றேன்.
ராகிக் கொல்லையைப் புரட்டும் சக்கரத்துக்காம்.

உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.
இரும்பென்றால் துளைத்துப் போய்விடும்,
பன்றி ஓடை தாண்டிப் போய் விழும்,
எவனோ அறுப்பான்.
ஈயம்தான் உள்ளே போய் விரியும்.
பழைய பேட்டரி இருக்கா?

வித்துட்டேன் என்றேன்
பெஞ்சுக்கடியில் அதைக் குதிகாலால் தள்ளியபடி.

கிரீஸ் வேணுமா?
பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
இருவருமே சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாட்டு டாக்டர்
ஒரு கிடாரியின் தொடையிலிருந்து எடுத்ததைக்
கல்லாமேல் வைத்தார்.
துடைத்து அளவுத்தகட்டில் விட்டேன்.
மயிரிழை குறையவில்லை.

எல்லாச் சைக்கிளிலும் இருப்பதுதான் சார்.

அவர் போனபின்
டப்பாவில் போட்டுக் குலுக்கினேன்.
இனி எது என்று
எனக்கும் தெரியாது.