நாலெழுத்து

ஏழாவது பொருளுக்கு வரும்போது
வடை தீர்ந்து காபி ஆறியிருந்தது.
ஐந்தாம் பருவத்தை ஒவ்வொரு மாணவரும்
அயல்நாட்டில் படிக்க வேண்டும்.
முன்மொழிந்தவர் டீன். வழிமொழிந்தவர் இயற்பியல்.
குறிப்பெடுத்தவள் நான்.
எனக்குக் கை தூக்க உரிமையில்லை,
ஏசியைக் குறைக்க எழுந்து போகலாம்.

உலகம் பெரிது என்றார் ஒருவர்.
கட்டணமும் என்றார் கணக்கு அலுவலர்.
சிரித்தார்கள். அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.
லைப்சிக்கில் ஒரு குளிர்காலம்
தனியாகச் சமைத்துத் தின்றதால்தான்
மனிதனானேன் என்றார் இயற்பியல்.
அவர் வீட்டுச் சாப்பாட்டுக் கேரியர்
மேசைக்கடியில் நாலடுக்காய் நின்றது.

செய்தி கசிந்த அன்றே தஸ்தகீர் வந்தான்.
சிவாஜிநகர். வணிகவியல், இரண்டாமாண்டு.
"அம்மாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ், மேடம்.
நாலு மாசம் நான் இல்லைன்னா
அவங்கள யாரு பைக்ல ஏத்தி இறக்குவாங்க?"
விலக்குப் படிவம் கேட்டான்.
இன்னும் விதியே வரலையேப்பா என்றேன்.
"வர்றதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சுக்கிறேன்."

வேண்டாம் இந்த விதி என்று நானும் நினைத்தேன்.
பிடித்துத் தள்ளி அனுப்பினால்
அதற்குப் பெயர் படிப்பா, நாடுகடத்தலா?
அன்றிரவு பாத்திரம் தேய்த்துக்கொண்டே
வாதங்களை அடுக்கிக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் எப்சிபா.
மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி
நாலு பாஷை இடித்து நசுக்கும் பெட்டியில் நின்று
கண்டோன்மெண்டில் குதித்து
எட்டரைக்கு வகுப்பில் இருப்பவள்.
சாயங்கால ரயிலை ஒருநாள் விட்டால்
பங்காருப்பேட்டை நடைமேடையில்
அப்பா நிற்பார், டார்ச் லைட்டோடு.

"கட்டாயம்தானே மேடம்?
கட்டாயம்னே எழுதிடுங்க."
ஏன் என்றேன்.
"போகலாம்னா அப்பா யோசிப்பாரு.
யோசிச்சா வேணாம்பாரு.
காலேஜ் விதின்னா
நல்ல சட்டையா பார்த்துப் போட்டுக்கிட்டு
பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில
அவரே போய் நிப்பாரு."

நான் கவிழ்த்து வைத்த வாதங்களில்
இவள் இல்லை.

ஒன்பதுக்கு ஆறு.
'வேண்டும்' அடிபட்டு 'லாம்' ஆனது.
தஸ்தகீர் இரண்டிரண்டு படியாய் இறங்கி ஓடினான்.
சந்தோஷத்தில் என்று நினைத்தேன்;
அன்று வெள்ளிக்கிழமை.

பெற்றோருக்குக் கடிதம் நாலு மொழியில் போகும்.
தமிழ் என் பொறுப்பு.
தங்கள் மகன் அல்லது மகள்
அயல்நாடு சென்று படிக்கலாம்.
நாற்பத்தோரு உறைகள்.

எனக்கும் வந்தது ஒருமுறை இப்படியொரு கடிதம்.
புனேயில் ஓராண்டு, உதவித்தொகையோடு.
அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
கடைசி வரியை மட்டும் திரும்பப் படித்தார்.
"லாம்தானே?"
மடித்து, கரண்ட் பில்களோடு குத்திவைத்தார்.
அவர்மேல் கோபமில்லை.
இலக்கணப்படி அவர் சொன்னது சரி.

நாற்பதை அச்சிட்டேன்.
கடைசியில் கர்சர் துடித்துக்கொண்டு நின்றது.
வேண்டும்.
எண்ணிப் பார்த்தால் நாலெழுத்து.
உத்தரவுக்கும் ஆசைக்கும் நமக்கு ஒரே சொல்.
யாராவது பிடித்துக் கேட்டால்
ஆசை என்ற பொருளில் எழுதினேன் என்பேன்.
முதல்வருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.
நாற்பத்தொன்றுக்கும் ஒரே வேகத்தில் கையெழுத்து.

நாற்பது போய்ச் சேர்ந்திருக்கும்.
ஒன்று மட்டும் மூன்று நாளாய்
டிபன் டப்பாவுக்கும் குடைக்கும் நடுவே
மெட்ரோ ஊதாப் பாதையில்
பையப்பனஹள்ளி வரை போய்ப் போய் வருகிறது.
பணத்தை யார் கட்டுவது என்று
அவள் அப்பா முதலில் கேட்பார்.
அதற்கு ஒரு வரி
இன்னும் எழுத வரவில்லை எனக்கு.