நாற்பதாம் நம்பர் நூல்

செவ்வாய்க்கிழமை யாரும் முடி வெட்ட வருவதில்லை.
மர்ஃபி டவுன் சந்தில்
பார்லர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நகம் தீட்டும் மேசையில் இடுக்கியைத் திருகுகிறேன்.
இடுக்கி வாயில் ஒரு தூண்டில் முள்.
இன்றைக்கு அதன்மேல் எந்தப் பூச்சியும் பிறக்கலாம்.

புருவம் எடுக்கிற அதே நூல்.
ஒரு முனை பல்லில்;
பல் பிடித்தால்தான் விரல் யோசிக்கிறது.
உடம்புக்கு
நேற்று ரீனா மேடம் உதிர்த்துவிட்டுப் போன பர்கண்டி முடி.
இறக்கைக்கு ஒட்டு இமை,
கல்யாணப் பெண் ஒருத்தி அழுது கெடுத்தது.
கண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு, கடுகு சைஸ்.
முடிச்சு அவிழாமலிருக்க
நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு.

எனக்குப் பூ கட்ட வராது.
கட்டிய சரம் தலைக்கு ஏறுமுன்பே கொட்டிவிடும்.
பூச்சி வருகிறது.
ஏன் என்று ரோஸ்லின் கேட்டாள்.
பூ எப்படி இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்,
அதுதான் பயம் என்றேன்.

ஞாயிறு, ஹொஸ்கோட்டே போகும் வழியில் ஒரு ஏரி.
பெள்ளியப்பா சார் மரப்பெட்டியைத் திறந்தார்.
சீமைச் சேவலின் கழுத்து இறகு,
பட்டு நூல், மயில் பீலி இழை,
ஒவ்வொரு பூச்சிக்கும் பெயர், பிறந்த மாதம்,
அது பறந்த ஆற்றின் விலாசம்.
என் சோப்பு டப்பாவைப் பார்த்தார்.
"இது யாவ ஹுளா?"
மீனைத்தான் கேட்கணும் சார்.

மீன் பதில் சொல்லவில்லை.
முடி மூழ்கும்.
தினம் தலை அலசிவிடுகிறவளுக்கு
இது தெரிந்திருக்க வேண்டும்.
பர்கண்டி கல்லாய் இறங்கி
ஒரு பால் கவரைப் பிடித்து வந்தது.
அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

பதினோரு மணிக்கு எதிர்க்கரையில்
யாரோ மஞ்சள் பையைக் கவிழ்த்துப் பொரி போட்டார்கள்.
தண்ணீர் கொதித்தது.
வாய் வாய் வாய்.

பையைத் துழாவினேன்.
நகம் பூசும்போது
கால்விரல்களுக்கு நடுவே செருகுகிற வெள்ளை ஸ்பாஞ்ச்.
ஒரு துண்டு கிள்ளி, நகம் ராவும் அரத்தால் உருட்டி,
இடுக்கி இல்லாமல் பல்லும் முழங்காலுமாகக் கட்டினேன்.
நல்ல பொரியில் ஒரு கருகல் இருக்கும்.
அதற்கு ஒரு கறுப்புப் பொட்டு.

சுற்றிப் போய் எதிர்க்கரையில் வீசினேன்.
நிஜப் பொரிகளுக்கு நடுவே என்னுடையதை
என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.
பிறகு கோல் வளைந்தபோது
அது எது என்று தெரிந்தது.

கெண்டை. முழங்கைக்குக் கொஞ்சம் குறைவு.
நனைத்த கையில் ஏந்தி முள்ளைக் கழற்றினேன்;
எதிர்முள்ளை வீட்டிலேயே நசுக்கியிருந்தேன்.
கண்ணைக் கெண்டை என்கிறோம்.
இவ்வளவு பக்கத்தில் பார்த்தால்
இமை கிடையாது, புருவம் கிடையாது.
என் தொழிலுக்கு அதனிடம் ஒரு வேலையும் இல்லை.
விட்டேன்.
பொட்டு மட்டும் மேலுதட்டில் ஒட்டிக்கொண்டு
மச்சம் மாதிரி போனது.

பெள்ளியப்பா சார் நடந்து வந்து
மீதி ஸ்பாஞ்சை வாங்கி முகர்ந்தார்.
அசிட்டோன்.
"எந்த நாட்டுச் சரக்கு?"
காலில் போடறது சார், கமர்ஷியல் ஸ்ட்ரீட், டஜன் அறுபது.
அவர் ஒன்றைக் கிள்ளிச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை
நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

புதன்கிழமை முதல் ஆள்
நீல முடிக்காரி, ஐடி, அவசரம்.
முடி வேண்டாம், புருவம் மட்டும் என்றாள்.
தரையைப் பார்த்தேன்; சரி.
நூலைப் பல்லில் பிடித்தேன்.
மூடிக்கோங்க என்றதும்
மூடிக்கொண்டாள்.
எவ்வளவு சுலபமாக.