காலி வண்டி எடை

புளியரைச் சாவடிக்கு இந்தப் பக்கம்
அறுபது டன் எடைமேடையில் இரவு வேலை எனக்கு.
வைக்கோல், ஜல்லி, கோழித்தீவனம்,
மலையேறிப் போகிற எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்:
மொத்தத்தில் காலி வண்டியைக் கழி.
மிச்சம் சரக்கு.

அவளை நிறுப்பதும் அப்படித்தான்.
நிற்க மாட்டாள், உட்காரவும் வராது.
சனிக்கிழமை காலை தூக்கிக்கொண்டு தராசில் ஏறுவேன்.
பிறகு முப்பிடாதி கையில் கொடுத்துவிட்டு
தனியாக ஒருமுறை.
என்னைக் கழித்தால் அவள்.
ஏழு வயசு. பதினொன்று முந்நூறு.

தென்காசி அலுவலகத்தில் படிவம் நிரப்புகையில்
தாய்மொழி என்ற கட்டத்தில் பேனா நின்றது.
ஆரியங்காவு ஸ்டேஷன் பெஞ்சில் கிடைத்த பிள்ளை.
அந்தப் பக்கத்துப் பிள்ளையா இந்தப் பக்கத்ததா என்று
எட்டு மாதம் கடிதம் எழுதிக்கொண்டார்களாம்.
வாயில் ஒரு சொல் இருந்தால் பிடித்திருக்கலாம்.
"ஒரு கோடு போட்டிருங்க சார்" என்றாள் முப்பிடாதி.

"இது தத்து இல்ல, தெரியும்லா?"
அந்த அதிகாரியம்மா மூன்று முறை கேட்டார்.
"உத்தரவு அப்பப்ப புதுப்பிக்கணும்.
சொந்தம்னு ஆள் வந்தா குடுக்கத்தான் வேணும்."
தெரியும் என்றோம்.
ஒன்றும் தெரியாது.
மூக்குக்குழாயில் கஞ்சித்தண்ணி
எவ்வளவு மெல்ல இறங்கும் என்பதுகூட.

முதல் வலிப்பு எங்கள் வீட்டில், மொய்தீன் கடை
சாத்துகிற நேரம்.
ஒருக்களித்துப் படுக்க வை, மணி பார்,
வாயில் எதையும் வைக்காதே:
ஹைகிரவுண்ட் நர்ஸ் சொன்னதை
நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கையில்
அண்ணன் சாவிக்கொத்தோடு ஓடி வந்தான்.
அவனை வெளியே தள்ளிக் கதவடைத்தேன்.
மூன்று நிமிஷம் நாற்பது நொடி.
அண்ணன் இன்னும் பேசுவதில்லை.

மாசாமாசம் வருகிற பணத்துக்காகத்தான் என்று
டீக்கடையில் ஒருத்தன் சொன்னானாம்.
இருக்கட்டும்.
டயப்பர் விலை அவனுக்குத் தெரியாது.

ஒரு ராத்திரி நானே சொன்னேன்:
"ஏட்டி, முடியல. திருப்பிக் குடுத்திருவோம்."
அவள் பதில் பேசவில்லை.
நாலு மில்லி மருந்தை உறிஞ்சி
சிரிஞ்சை விளக்குக்கு நேரே பிடித்து
காற்றுக் குமிழியைச் சுண்டிக்கொண்டிருந்தாள்.
நான் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

போன மாதம் முப்பிடாதிக்குக் காய்ச்சல்.
பிள்ளையை மேடை அறைக்கே கொண்டுபோனேன்,
மேஜைக்கடியில் பாய் விரித்து.
இரண்டு மணிக்கு ஒரு வைக்கோல் லாரி
ஸ்ஸ்ஸ் என்று பிரேக்கில் காற்றை விட்டது.
சிரித்தாள்.
டிரைவர் சுகுமாரன் எட்டிப் பார்த்து
இன்னொரு முறை விட்டான். மறுபடியும் சிரிப்பு.
பின்னால் நின்ற சிமெண்ட் லாரிக்காரனும் விட்டான்.
காற்று தீர்ந்துவிடும் போடா என்று விரட்ட வேண்டியிருந்தது.

லாரிகள் போன பிறகு
மேடையில் நானே ஏறி நின்று பார்த்தேன்.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
அறுபத்து நாலு கிலோ ஆள், அறுபது என்றது.
உள்ளே போய் அவளைத் தூக்கி வந்து நின்றேன்.
எண்பது.

பொத்தானை அமுக்கிவிட்டு வா என்று
பையன் மாரிசெல்வத்திடம் சொன்னேன்.
சீட்டு வரவில்லை.
"காலி வண்டி எடை கேக்குதுண்ணே,
இறக்கிட்டு ஏறுங்க" என்றான்.

பின்னால் ஹாரன்.
இறக்காமலே
மேடையை விட்டு இறங்கினேன்.