சுமைக் கட்டணம்

காலை ஐந்து நாற்பது. பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு
என் முதல் நடை.
புலிகரையில் முதலில் ஒரு கூடை ஏறும்,
பிறகு இன்னொரு கூடை,
கடைசியில்தான் மாதம்மா.

அவளுக்கு ஒரு சீட்டு கிழிக்கிறேன்: கட்டணமில்லை.
தக்காளிக்கு இரண்டு சீட்டு. பத்தும் பத்தும் இருபது.
"நானே சும்மா வரேன், இதுக்குக் காசா?
இதுங்க என்னா சீட்டுலயா உக்காருது?"
அவள் சிரிப்பதில்லை. பஸ் சிரிக்கும்.

நேற்று சந்தையில் கிலோ மூன்று ரூபாய்.
எனக்குத் தெரியும். டிரைவர் தீர்த்தகிரிக்கும் தெரியும்,
கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
கியரை மாற்றுகிறார்.
சோகத்தூரில் செக்கிங் நின்றாலும் நிற்கும்.

நாலு ரோட்டில் கூடையை இறக்க
ஒரு காதை அவள் பிடிக்க, மறு காதை நான்.
அதற்குச் சீட்டில்லை.

சாயங்கால நடையில் ஒரு கூடை காலி,
மற்றது பாதி.
"பாதிக்கு அரை டிக்கெட் போடு."
அரை டிக்கெட் குழந்தைக்குத்தான்மா.
"அப்ப அதுவும் வேணாம்.
அஞ்சு வயசுக்குள்ள இலவசம்தான?
இது நட்டு எழுபது நாளுதான் ஆச்சு."

பின் சீட்டில் யாரோ விசிலடித்தார்கள்.
எனக்குப் பதில் வரவில்லை.
பத்து ரூபாய் கொடுத்து தக்காளி கேட்டேன்.
நிறுக்காமல் அள்ளிப் போட்டாள்,
அதே நோட்டை நீட்டிச் சீட்டு கேட்டாள்.

டிப்போவில் கணக்கு பைசா பிசகாமல் நின்றது.
என் சாப்பாட்டுப் பைக்கு அடியில் மட்டும்
சிவப்பாய் ஈரம்.