ஆற்றுவாழைக் கதிரை

கல்லடிப் பாலத்தால் ஓட்டோவில் வந்தது
நாலு தவணைக்கு நான் எடுத்த கதிரை.
போனில் பார்த்த அதே ஒல்லிக் கால்,
உடைந்த வள்ளத்துப் பலகையில் செய்தது.
முதுகு முழுக்கக் காய்ந்த ஆற்றுவாழைப் பின்னல்.
‘சூழலின் நண்பன்’ என்று அட்டை தொங்கியது.

“ஆர், இதுவோ நண்பன்?” என்றார் இவர்.
போன கிழமைதான்
வாவி நடுவில் இஞ்சினைச் சுற்றிப் பிடித்து
விடியும்வரை இவரை வைத்திருந்தது
இதே வாழை.
அறுத்து அறுத்து ஏசினவர்.
மறுகா ஒன்றும் பேசவில்லை.
பாயில்தான் இருந்தார், ஒரு மாதம்.

இரண்டாம் தவணை கட்டிவிட்டு வந்து பார்க்கிறேன்,
கதிரையில் ஆள்.
வாய் திறந்த நித்திரை.
சாரன் கரையில் ஒட்டியபடி
பச்சையாய் ஒரு வாழைத் துண்டு,
இன்னும் விலை போடாதது.