அழுகும் வினைச்சொல், மல்லாவி

போனில் கண்ட புதுச்சொல் என்று
பலகையில் எழுதினேன்: பெட் றொட்டிங்.
நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்து
மிக்சர் கொறித்து, போன் தடவி
சும்மா அழுகுவது.

பின்வாங்கில் சிரிப்பு.
உரக்கடைப் பிரதாபன் எழும்பினான்:
"வெள்ளம் நிண்டால் நெல் அழுகும்,
மழையில விட்டால் வெங்காயம்.
மனிசர் என்னெண்டு ரீச்சர்,
அதுவும் விருப்பத்தோட?"

"எங்கட வீட்டில கட்டில் இல்லை,
பாயிலயும் சரிவருமோ?" என்றாள் கஜிந்தினி.
விடிய ஐந்துக்கு அவளுக்கு
கார்மென்ற்ஸ் பஸ்.
வகுப்பில் பாதி நேரம் கொட்டாவி.
சரிவரும் என்றேன்.

வசனம் எழுதச் சொன்னதற்கு
அவள் மட்டும் எதிர்காலத்தில் எழுதினாள்:
போயா லீவுக்கு நான் அழுகுவேன்.
'வில்' சரியான இடத்தில்.

போயா முடிந்து வந்தவளிடம்
எத்தனை மணி வரைக்கும் என்று கேட்டேன்.
"எட்டரை, ரீச்சர்.
பிறகு அம்மா கூட்டத் தொடங்கினா.
ஒண்டும் சொல்லேல்லை.
பாயைச் சுத்திச் சுத்திக் கூட்டினா."

கொப்பியில் இறந்தகாலம் பார்த்தேன்.
றொட்டட்.
நடுவில் இரண்டு ரீயும் இருந்தன.
சரி போட்டுவிட்டு
அடுத்த கொப்பியை எடுக்கமுதல்
எனக்கும் வந்தது ஒரு கொட்டாவி.